எந்த அண்ணா யுனிவர்சிட்டி?

கேள்வி: பொண்ணுக்கு இன்ஜினியரிங் கட் ஆஃப் 200க்கு 188. அண்ணா யுனிவர்சிட்டின்னு முடிவு பண்ணி வச்சிருந்தோம். என் மச்சான் வந்து, "அங்கல்லாம் இப்ப யாருக்கு வேணா சீட்டு, பேரு போச்சு, என்ட்ரன்ஸ் வச்சு எடுக்கற தனியார் யுனிவர்சிட்டில சேருங்க"ன்னு குழப்பி விட்டுட்டுப் போயிட்டார். அவர் சொல்றது நிஜமா?
(பெயர் வேண்டாம் என்ற வாசகர், திண்டுக்கல்)

பதில்: பாதி நிஜம். எந்தப் பாதின்னுதான் உங்க மச்சானுக்கே தெரியல.

நம்ம ஊர்ல அண்ணா யுனிவர்சிட்டின்னு சொன்னா அது ரெண்டு. சென்னைல இருக்கற கிண்டி, ஏ.சி. டெக் (அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி), ஆர்க்கிடெக்சர் ஸ்கூல், குரோம்பேட்டை எம்.ஐ.டி. (அமெரிக்கா இல்லீங்க, கலாம் படிச்சது) நாலும் ஒண்ணு. அதோட இணைஞ்ச 400க்கு மேற்பட்ட காலேஜுங்க இன்னொண்ணு. காலைல உங்க தெருமுனைல வந்து நிக்கற காலேஜ் பஸ்ஸைப் பாருங்க, காலேஜ் பேரு ஆளுசரத்துக்கு இருக்கும், கீழ பொடி எழுத்துல அண்ணா பல்கலைக்கழகத்துடன் இணைக்கப்பட்டதுன்னு போட்டிருக்கும். ரெண்டு பக்கமும் டிகிரி ஒரே பேர்லதான், ஆனா கிண்டில கம்ப்யூட்டர் சயின்ஸ் 200ஐ உரசிக்கிட்டு நிக்கும், அந்த பஸ் காலேஜ்ல 100க்குக் கீழ வந்தாலும் வாங்க வாங்கன்னு சீட்டு காத்துக்கிட்டிருக்கும். மச்சான் பஸ்ஸைப் பாத்துட்டு கிண்டியைத் திட்டறார்.

சரி, கட் ஆஃப் கூடுனா படிப்பு ஒசத்தியா? அதுவும் இல்ல. அதே கிண்டில சிவில் இப்பல்லாம் கம்ப்யூட்டர் சயின்ஸுக்குக் கீழதான் முடியும். அந்த காலேஜே 1794ல நிலம் அளக்க ஆள் தயார் பண்ற சர்வே ஸ்கூலா ஆரம்பிச்சது, அப்ப 200 வருஷத்துக்கு மேல சொல்லிக்குடுக்கற வித்தை மட்டம், நேத்து வந்த கம்ப்யூட்டர் சயின்ஸ் ஒசத்தின்னு ஆகிடுமா? கூட்டம் எங்க முண்டியடிக்குதுன்னுதான் கட் ஆஃப் காட்டும், உள்ள வாத்தியார் எப்படி நடத்தறார்னு காட்டாது.

என்ட்ரன்ஸ் கதைக்கு வர்றேன். நான் 300க்கு கட் ஆஃப் போட்ட காலத்து ஆளு. பிளஸ் டூக்கு 200, என்ட்ரன்ஸுக்கு 100. கோச்சிங்குக்குக் காசு இருந்தவன் முந்துனான், கிராமத்துப் பையன் பின்னாடி நின்னான், அதனாலதான் 2007 அட்மிஷன்லருந்து அதையே தூக்குனாங்க. அப்பவும் தரம் போச்சு தரம் போச்சுன்னு ஒரு கூட்டம் கத்துச்சு. இப்ப தனியார்ல வைக்கற என்ட்ரன்ஸ்ல எழுதுனவங்கள்ல எத்தனை பேருக்கு சீட்டே இல்லன்னு திருப்பி அனுப்புனாங்கன்னு மச்சானை விசாரிச்சு சொல்லச் சொல்லுங்க. ரேங்க் கீழ போனா ஃபீஸ் மேல போகும், அவ்வளவுதான் பல இடத்துல வடிகட்டறது.

அண்ணா யுனிவர்சிட்டியோட இணைஞ்ச காலேஜுங்கள்ல வடிகட்டறது வாசல்ல இல்ல, செமஸ்டர் பரீட்சைல. இணைஞ்ச காலேஜுங்கள்ல பெரும்பாலானதுக்கு கொஸ்டின் பேப்பர் யுனிவர்சிட்டிலருந்துதான் வரும், எம்-3 (மூணாவது மேத்ஸ் பேப்பர்) அரியரை நாலு வருஷமா முதுகுல சுமந்த பையன் இல்லாத தெரு தமிழ்நாட்டுல இருக்கா சொல்லுங்க! காலேஜ் வாரியா எத்தனை சதவீதம் பாஸுன்னு யுனிவர்சிட்டியே வெளியிடுது, பஸ் காலேஜ் பேரை அதுல தேடிப் பாருங்க, சில இடத்துல பத்துக்கு ரெண்டு பேர் தேறியிருந்தா பெரிய விஷயம். ஆக யாரு வேணா உள்ள போகலாம்ங்கறது நிஜம், யாரு வேணா வெளிய வரலாம்ங்கறது பொய்.

அதுக்காக சர்டிபிகேட்ல அண்ணா யுனிவர்சிட்டின்னு இருந்தா போதும்னு நீங்களும் அசந்துடாதீங்க, இன்டர்வியூல அடுத்த கேள்வியே "எந்த காலேஜ்?"தான். கவுன்சிலிங் சாய்ஸ் லிஸ்ட்ல காலேஜ் கோடு 1 (கிண்டி), 2 (ஏ.சி. டெக்), 4 (எம்.ஐ.டி.) இந்த மூணையும் மேல போடுங்க, 188க்கு உங்க கம்யூனிட்டில எந்த பிராஞ்ச் வரை இறங்குச்சுன்னு போன வருஷ லிஸ்ட்டே சொல்லும். அதுக்கப்புறம் அரசு காலேஜ், எய்டட் காலேஜ், பாஸ் சதவீதம் பாத்து பொறுக்குன தனியார் காலேஜ்.

ஆனா பாருங்க, இவ்வளவு எழுதுன நீங்க பொண்ணுக்கு எந்த பிராஞ்ச் பிடிக்கும்னு ஒரு வார்த்தை எழுதல. மச்சானைக் கேட்டாச்சு, என்னையும் கேட்டாச்சு, அவளைக் கேட்டீங்களா?