ஈறில் ரத்தம்: நல்லெண்ணெய் கொப்பளித்தால் போதுமா?

பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் வருகிறது, நல்லெண்ணெய் கொப்பளித்தால் சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். எண்ணெய் மட்டும் போதாது.

காரைக்குடியில் எங்கள் அப்பத்தா வளவுத் தூணோரம் உட்கார்ந்து வேப்பங்குச்சியை நார் நாராகும்வரை மெல்லுவார். துப்பும்போது சிவப்பாகத் தெரிந்தால் அந்தப் பக்கத்தைத் தொடாமல் விட்டுவிடுவார். நம்மில் பலரும் அப்படித்தான் விடுகிறோம். ஆனால் அங்கேதான் கூடுதலாகச் சுத்தம் வேண்டும்.

பல்லும் ஈறும் சேரும் ஓரத்தில் கிருமிப் படலம் படிகிறது. ஈறு அதோடு போராடி வீங்குகிறது, லேசாகப் பட்டாலே கசிகிறது. படலம் நாளடைவில் காரையாக இறுகிவிட்டால் பிரஷ்ஷுக்கும் எண்ணெய்க்கும் அசையாது. பல் மருத்துவர் கருவியால் சுரண்டும் ஸ்கேலிங் செய்துதான் எடுக்க வேண்டும். ஸ்கேலிங் செய்தால் பல் ஆடும் என்பது வீண் பயம். காரையை விட்டுவைத்தால்தான் எலும்பு கரைந்து பல் ஆடும். கரைந்த எலும்பு தானாக வளராது.

மென்மையான பிரஷ்ஷால் ஈறோரமாகத் தினம் 2 வேளை, 2 நிமிடம் துலக்குங்கள். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர் இதம் தரும். நெல்லிக்காயும் கொய்யாவும் வைட்டமின் சி தரும். வெற்றிலையோடு புகையிலை சேர்ப்பதை நிறுத்திவிடுங்கள்.

அப்புறம், சர்க்கரை அளவையும் பார்த்துவிடுங்கள். சர்க்கரை ஏறினால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சர்க்கரை அடங்காது. 2 வாரத்தில் ரத்தம் நிற்காவிட்டாலோ, சீழ் வந்தாலோ உடனே மருத்துவரிடம் போங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர் என்றால் அதை நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.