கிபீர் விமானப் பொம்மை வாலடித்து விழுகிறதா?

தம்பி, கல்லடிக் கடற்கரையில் எறிந்த உங்கள் ரெஜிபோம் (வெள்ளை நுரை அட்டை) கிபீர் போர்விமானப் பொம்மை மூக்கைத் தூக்கி வாலடித்து விழுகிறது என்று எழுதியிருந்தீர்கள். பாரம் பின்னால் இருக்கிறது, வேறொன்றுமில்லை. மூக்குக்குள் ஒரு ஐந்து ரூபாய்க் குற்றியைச் செருகி டேப் சுற்றுங்கள். போதாவிட்டால் இன்னொன்று.

அசல் கிபீர், பிரெஞ்சுப் போர்விமானமான மிராஜ் 5-இன் உடலில் அமெரிக்க ஜே79 எஞ்சினை வைத்து இஸ்ரேல் செய்தது. முக்கோண இறக்கை, கிடைவால் இல்லை. மூக்கை ஏற்றி இறக்குவது இறக்கையின் பின்விளிம்பு மடிப்புகள்தான். குற்றி வைத்தபின் குப்புற விழுந்தால் அந்த விளிம்பை இரண்டு மில்லிமீட்டர் மேலே வளையுங்கள்.

காற்றுவாய்மேல் (எஞ்சினுக்குக் காற்றெடுக்கும் பக்கவாய்) ஒட்டிய குட்டி முன்னிறக்கைகளை முதலில் கழற்றிவிடுங்கள். அழகுதான், ஆனால் மூக்கைத் தூக்குவதில் அவற்றுக்கும் பங்குண்டு. அப்புறம், பின்னேரக் கடல்காற்றில் வேண்டாம், விடியவே எறிந்து பாருங்கள்.