பிரான்சின் அரசுப் பள்ளிகளில் முக்காடு அணியத் தடை ஏன்? ‘லாயிசிதே’ என்றால் என்ன?

‘லாயிசிதே’ என்பது அரசுக்கு மதம் கிடையாது என்னும் பிரெஞ்சுக் கோட்பாடு. கல்வியிலும் அரசியலிலும் கத்தோலிக்கத் திருச்சபைக்கு இருந்த பிடியைத் தளர்த்த நடந்த நெடும் போராட்டத்தின் முடிவில், 1905-ஆம் ஆண்டுச் சட்டம் அரசையும் மத அமைப்புகளையும் பிரித்தது. அதே சட்டம் வழிபாட்டுச் சுதந்திரத்துக்கும் உறுதியளித்தது. ஆகவே, அது முஸ்லிம்களை மனத்தில் வைத்துப் பிறந்ததன்று.

கிரிக்கெட் நடுவரை எண்ணிப் பாருங்கள். அவர் எந்த அணியின் சட்டையையும் அணியக் கூடாது. பார்வையாளர் விரும்பியதை அணியலாம். லாயிசிதே முதலில் நடுவரைத்தான், அதாவது அரசையும் அதன் ஊழியரையும்தான் கட்டுப்படுத்தியது. 1989-இல் கிரெய் நகரப் பள்ளியொன்று, முக்காட்டை அகற்ற மறுத்த மூன்று மாணவியரை விலக்கியதில் மூண்ட விவாதம் 2004-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்து முடிந்தபோது, அந்த விதி பார்வையாளரில் ஒரு பகுதியினரான அரசுப் பள்ளி மாணவர்க்கும் நீண்டது. பெரிய சிலுவை, யூதர்களின் தொப்பி, சீக்கியரின் தலைப்பாகை ஆகியவற்றுக்கும் தடை பொருந்தும் என்றாலும், சுமை பெரிதும் முஸ்லிம் மாணவியர் மீதே விழுந்தது என்பது என் கணிப்பு.

பிரான்சில் முக்காடே தடைசெய்யப்பட்டுள்ளது எனப் பலர் எண்ணுகின்றனர். ஆனால் தெருவில் நடப்பவரும் பல்கலைக்கழக மாணவியரும் அதை அணியலாம், 2011 முதல் பொது இடங்களில் தடைசெய்யப்பட்டிருப்பது முகத்தை மறைக்கும் உடை மட்டுமே.