வசந்தத்தில் வந்ததா, குளிர்காலத்தில் தங்கியதா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் சாட்ஸ்வர்த்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "நானும் ஃபீனிக்ஸ், வெருலம் பகுதிகளில் இருக்கும் சில நண்பர்களும் வார இறுதிகளில் உம்கெனி முகத்துவாரத்திலிருந்து உம்லாங்கா கழிமுகம் வரை பறவை பார்க்கிறோம், பார்த்ததை வாட்ஸப்பில் பகிர்ந்துகொள்கிறோம். ஆகஸ்ட் மாதக் கடைசியில் ஒருவர் பச்சைக்காலி ஒன்றைப் படம் பிடித்து, 'இந்த வசந்தத்தின் முதல் விருந்தாளி' என்று போட்டார். அது ஜூலையிலேயே அங்கே நின்றது என்று இன்னொருவர் மறுக்கிறார். யார் சொல்வது சரி? எங்கள் குறிப்புகள் மற்றவர்களுக்கும் பயன்பட வேண்டுமானால் எதையெல்லாம் எழுத வேண்டும்? கூடு கண்டால் பகிரலாமா?"

இருவரும் கண்டது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் "முதல் விருந்தாளி" என்று முடிவு கட்ட ஒரு படம் போதாது. இங்குள்ள வழிகாட்டி நூல்கள் கிரீன்ஷாங்க் என்று குறிப்பிடும் பச்சைக்காலி, ஐரோப்பாவின் வடபகுதியிலும் ஆசியாவின் வடபகுதியிலும் குஞ்சு பொரித்து, நம் கோடைக்காலத்தைக் கழிக்கத் தெற்கே வரும் பறவை. வளர்ந்த பறவைகள் மார்ச், ஏப்ரல் வாக்கில் வடக்கே திரும்பிவிடும். முந்தைய ஆண்டில் பிறந்த இளம் பறவைகளில் பல திரும்புவதில்லை. அந்த ஆண்டு அவை இணை சேரப் போவதில்லை என்பதால், நெடும்பயணத்தின் ஆபத்துக்கு உட்படாமல் நம் குளிர்கால மாதங்களான மே முதல் ஆகஸ்ட் வரை நம் கழிமுகங்களிலேயே மேய்ந்து காலம் தள்ளுகின்றன. கர்லூ சாண்ட்பைப்பர், கிரே ப்ளோவர், விம்ப்ரெல், டர்ன்ஸ்டோன் ஆகிய கரைப்பறவைகளிலும் இதே வழக்கம் உண்டு. ஆகவே ஆகஸ்டில் தனியாக நிற்கும் ஒரு பச்சைக்காலி, நேற்று வந்திறங்கியதாகவும் இருக்கலாம், போன ஆண்டு வந்து போகாமல் நின்றுவிட்டதாகவும் இருக்கலாம்.

இதைப் பிரித்தறிய இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று எண்ணிக்கை. ஜூன், ஜூலையில் அதே இடத்தில் எத்தனை நின்றன என்ற குறிப்பு உங்களிடம் இருந்தால், செப்டம்பரில் அந்த எண் ஏறும் வாரமே வருகையின் வாரம். குளிர்காலக் குறிப்பு இல்லாதவர்கள் வசந்த வருகையைப் பற்றி உறுதியாகப் பேசவே முடியாது என்பது என் கருத்து. நம்மவர்களில் பலர் தொலைநோக்கியை மே மாதம் பெட்டிக்குள் வைத்துவிட்டுச் செப்டம்பரில்தான் வெளியே எடுக்கிறார்கள். உங்கள் குழுவின் விவாதம் தீராமல் இழுப்பதற்கும் அதுவே காரணமாக இருக்கக்கூடும்.

இன்னொரு வழி இறகு. இதற்குக் கர்லூ சாண்ட்பைப்பரை விடச் சிறந்த பாடம் கிடையாது. சைபீரியாவின் மரமற்ற உறைநிலமான துந்திரத்தில் இனப்பெருக்கக் காலத்தில் அதன் மார்பும் வயிறும் செங்கல் நிறத்தில் இருக்கும். வளர்ந்த பறவைகள் ஆகஸ்ட், செப்டம்பரில் இங்கு வந்து சேரும்போது அந்தச் சிவப்பு முழுவதும் உதிர்ந்திருப்பதில்லை. வெளுத்து வரும் வயிற்றில் ஆங்காங்கே திட்டுத் திட்டாக மிஞ்சியிருக்கும். குளிர்காலம் முழுவதும் இங்கேயே தங்கிய இளம் பறவைகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்தச் சிவப்பு ஏறியே இருக்காது. வெயிலிலும் உப்புக் காற்றிலும் நைந்த சாம்பல் பழுப்பு இறகுகளோடு அவை நிற்கும். அந்த ஆண்டு பிறந்த குஞ்சுகள் வளர்ந்தவற்றுக்குப் பின்னரே, பெரும்பாலும் அக்டோபரை ஒட்டி வருகின்றன. அவற்றின் முதுகிறகு ஒவ்வொன்றுக்கும் வெளிர் நிற விளிம்பு இருப்பதால் மேற்புறம் மீன் செதில் அடுக்கியதாகத் தோன்றும்; மார்பில் மெல்லிய மஞ்சள் பழுப்புச் சாயல் படர்ந்திருக்கும். ஆக, "கர்லூ சாண்ட்பைப்பர் 12" என்று எழுதுவதை விட "12, அவற்றில் 7-க்கு வயிற்றில் சிவப்புத் திட்டு" என்று எழுதுவது பல மடங்கு பயனுள்ளது. கிரே ப்ளோவரின் வயிற்றில் மிஞ்சும் கருப்பும் இதே வகையில் உதவும். உங்கள் நண்பரின் பச்சைக்காலிக்கு இத்தகைய நிறமாற்றம் கிடையாது. அதை ஒரு படத்தைக் கொண்டு தீர்மானிப்பது கடினம், எண்ணிக்கைதான் துணை.

முதல் தேதிக்கு உண்மையான மதிப்புள்ள பறவைகளும் இருக்கின்றன. ஆப்பிரிக்காவுக்குள்ளேயே வலசை போகும் மஞ்சள் அலகுப் பருந்து ஆகஸ்டில் திரும்புகிறது. பீட்-மை-ஃப்ரோ குயிலின் மூன்று சுரக் கூவல் செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ கேட்கத் தொடங்குகிறது. குளிர்காலத்தில் இவை இங்கு ஏறக்குறைய முற்றிலும் இல்லாதவை என்பதால், முதலில் கண்ட நாளையோ கேட்ட நாளையோ தயங்காமல் பகிரலாம். கேட்டது மட்டும் என்றால் "கேட்டது" என்றே குறிக்க வேண்டும். கண்டல் மீன்கொத்தியின் நிலை இதற்கு நேர்மாறானது. அது உம்கெனி முகத்துவாரத்தை ஒட்டிய பீச்வுட் அலையாத்திக் காட்டுக்குக் குளிர்காலத்தில் வந்து, வசந்தத்தில் இனப்பெருக்கத்துக்காக வேறிடம் போகிறது. அதைக் கடைசியாகக் கண்ட நாள்தான் தேவையான செய்தி; ஆனால் வாட்ஸப் குழுக்களில் "கடைசியாகப் பார்த்தேன்" என்று யாரும் போட்டு நான் கண்டதில்லை.

இனி, எதை எழுதுவது என்ற கேள்விக்கு வருகிறேன். தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், நின்ற இடம், எண்ணிக்கை ஆகியவற்றோடு நீர்மட்டத்தையும் எழுத வேண்டும்; பெரும்பாலோர் விட்டுவிடுவது இதைத்தான். உம்கெனி முகத்துவாரத்தில் நீர் வற்றும்போது மணல்திட்டும் சேறும் வெளிப்பட்டு, கரைப்பறவைகள் பரவி மேயும்; நீர் ஏறியதும் அவை வேறிடங்களில் போய் ஒதுங்கிவிடும். நீர் ஏறிய நேரத்தில் முகத்துவாரக் கரையிலுள்ள ப்ளூ லகூனில் வண்டியை நிறுத்திப் பார்த்துவிட்டு "பறவையே இல்லை" என்று எழுதினால், பிறகு படிப்பவர் அதைத் தவறாகவே புரிந்துகொள்வார். அலை அட்டவணை கைவசம் இல்லாவிட்டாலும் வீட்டுச் சுவரில் தொங்கும் கோயில் நாட்காட்டி போதும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் டர்பன் கடற்கரையில் காலை 9 மணியிலிருந்து 10.30-க்குள் நீர் நன்றாக வற்றும். பிற்பகல் 3, 4 மணிக்கு ஏறி நிற்கும். முகத்துவாரத்துக்குள் இது சற்றுத் தாமதமாகும். அஷ்டமியை ஒட்டிய நாட்களில் முறை மாறி, காலையில் நீர் ஏறியிருக்கும். அப்போது ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் உள்ள வேறுபாடும் குறைவு. புரட்டாசிச் சனிக்கிழமை காலையில் கோயிலுக்குப் போய்விட்டுக் கடற்கரைக்கு வர நினைப்பவர்கள் அன்றைய திதியையும் ஒரு முறை பார்த்துக்கொண்டால் வீண் அலைச்சல் மிச்சமாகும்.

மாதிரிக்கு ஒரு குறிப்பு: "அமாவாசைக்கு மறுநாள், காலை 9.40 முதல் 11.10 வரை. உம்கெனி முகத்துவாரம், தென்கரை. நீர் வற்றி, ஏறத் தொடங்கியது. பச்சைக்காலி 4. ரிங்டு ப்ளோவர் 9. த்ரீ-பேண்டட் ப்ளோவர் 2. சிறு உள்ளான், இனம் தெரியவில்லை, 6. தொலைவு அதிகம், எதிர்வெயில்." கடைசி வரியை எழுதப் பலர் கூச்சப்படுகிறார்கள். என்னைக் கேட்டால், ஒரு குறிப்பேட்டை நம்பலாமா என்பதை அந்த வரியை வைத்துத்தான் முடிவு செய்வேன். அந்த 6 பறவைகளுக்கும் ஊகத்தில் ஒரு பெயரைச் சூட்டியிருந்தால், மேலே உள்ள 4-ஐயும் 9-ஐயும் கூடச் சந்தேகிக்க வேண்டியிருக்கும்.

மேற்சொன்ன இரண்டு ப்ளோவர்களும் வசந்தத்தில் அதிகம் குழப்புபவை. த்ரீ-பேண்டட் ப்ளோவர் ஆண்டு முழுவதும் இங்கேயே இருப்பது. மார்பில் இரண்டு கருப்புப் பட்டைகளும் கண்ணைச் சுற்றிச் சிவப்பு வளையமும் இருக்கும். ரிங்டு ப்ளோவர் வடக்கிலிருந்து வருவது. பட்டை ஒன்றுதான், கால்கள் ஆரஞ்சு நிறம். முன்னதைப் பின்னதாக எண்ணி வலசை தொடங்கிவிட்டதாக அறிவிப்பது ஆண்டுதோறும் நடக்கிறது. மணல்திட்டில் நெருங்கி நிற்கும் ஆலா என்னும் கடற்பறவைக் கூட்டத்தை எண்ணுவது வேறு வகைச் சிரமம். அன்னதானப் பந்தியில் ஒரு வரிசையை எண்ணி வரிசைகளால் பெருக்குவதைப் போல, முதலில் பத்துப் பறவைகள் எவ்வளவு இடம் பிடிக்கின்றன என்று பார்த்து, அந்த அளவைக் கூட்டத்தின் மேல் நகர்த்திக்கொண்டே போக வேண்டும். விடையை "சுமார் 300" என்று எழுதுவதில் தவறில்லை. "ஏராளம்" என்பதால்தான் பயன் இல்லை.

வாட்ஸப்பில் போட்ட செய்தி நான்கு நாளில் மேலே போய் மறைந்துவிடும். அதே உழைப்பில், 2007-இல் தொடங்கி இன்றும் நடந்துவரும் இரண்டாம் தென்னாப்பிரிக்கப் பறவை வரைபடத் திட்டத்துக்கு, அதாவது சாபாப்-2-க்கு, உங்கள் பட்டியலை அனுப்பலாம். நிலப்பரப்பை அது அட்சரேகையில் 5 நிமிடம், தீர்க்கரேகையில் 5 நிமிடம் கொண்ட கட்டங்களாகப் பிரித்திருக்கிறது. நம் பகுதியில் ஒரு கட்டம் ஏறத்தாழ 9 கிலோமீட்டருக்கு 8 கிலோமீட்டர். ஒரு கட்டத்தில் குறைந்தது இரண்டு மணி நேரம் பார்த்து, கண்ட இனங்களைக் கண்ட வரிசையிலேயே எழுத வேண்டும். அதே பட்டியலை ஐந்து நாள் வரை நீட்டிக்கலாம். பேர்ட்லாசர் என்ற கைபேசிச் செயலி இடத்தையும் நேரத்தையும் தானே குறித்துக்கொள்ளும். நீங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: உம்கெனி முகத்துவாரமும் உம்லாங்கா கழிமுகமும் இரு வேறு கட்டங்களில் விழுகின்றன. ஒரே காலையில் இரண்டுக்கும் போனாலும் பட்டியலைப் பிரித்தே எழுத வேண்டும். சாபாப் பட்டியலுக்கு எண்ணிக்கை கட்டாயமில்லை. உங்களிடம் எண்ணிக்கையும் இருப்பதால், 1992 முதல் கோடையிலும் குளிர்காலத்திலும் நடக்கும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் சேர்ந்துகொள்வது இன்னும் பொருத்தம்.

சாதாரணப் பட்டியலால் என்ன ஆகிவிடப் போகிறது என்று உங்கள் குழுவில் யாரேனும் கேட்டால், 2021 ஜூலையை நினைவூட்டுங்கள். உம்லாங்காவை அடுத்த கார்னூபியாவில் ரசாயனக் கிடங்கு ஒன்று எரிந்து, அதன் கழிவு ஆற்றில் இறங்கி, உம்லாங்கா கழிமுகத்தில் மீன்கள் செத்து மிதந்தன. அப்படியொரு அழிவுக்குப் பிறகு ஓர் இடம் எந்த அளவுக்குத் தேறியிருக்கிறது என்று சொல்ல, முன்பு அங்கே வழக்கமாக என்ன இருந்தது என்பது தெரிந்திருக்க வேண்டும். வழக்கமான நாளில் வழக்கமான பறவைகளை எழுதி வைத்தவர்களின் பட்டியல்தான் அதைச் சொல்லும்.

அலையாத்திக் காட்டுப் பக்கம் தனியாகப் போக வேண்டாம். கேமராவும் தொலைநோக்கியும் வெளியே தெரியும்போது நான்கு பேராகவாவது இருங்கள்.

கூட்டைப் பற்றிய கேள்விக்கு என் விடை கண்டிப்பானது. வசந்தத்தில் ஒயிட்-ஃப்ரண்டட் ப்ளோவர் திறந்த மணலிலேயே முட்டையிடுகிறது. ஆள் நெருங்கினால் முட்டைகளை மணலால் மூடிவிட்டு ஓடும். வெறும் மணல் என்று எண்ணி மிதிப்பவர்களும், படத்துக்காக அங்கேயே நிற்பவர்களும் அதற்கு ஒரே அளவு ஆபத்துதான். தாய் திரும்ப முடியாத வரை முட்டை வெயிலிலோ குளிர்காற்றிலோ கிடக்கும். பறவை உங்களைச் சுற்றி ஓடத் தொடங்கினால் வந்த தடத்திலேயே திரும்பிவிடுங்கள். நாய் கொண்டுவந்தவர்கள் வாரை விடக் கூடாது. ஒலிப்பதிவை ஒலிக்கச் செய்து எந்தப் பறவையையும் வரவழைக்காதீர்கள். கூடு இருக்கும் இடத்தைக் குழுவில் போட வேண்டாம், தனிச் செய்தியாகவும் அனுப்ப வேண்டாம். குஞ்சுகள் பறந்து போன பிறகு படத்தைப் பகிர விரும்பினால், கைபேசி அதில் பதித்து வைத்திருக்கும் இருப்பிடக் குறிப்பை முதலில் நீக்கிவிடுங்கள். அடுத்த பருவத்திலும் அதே கரையில் அவை முட்டையிட வாய்ப்பு உண்டு.