குடியை விட்டாச்சு, மறுபடி தொடாமல் இருப்பது எப்படி? கேள்வி பதில்

நான் குடியை விட்டு 11 வருடம் ஆகிறது. அதற்கு முன்னால் விட்டுவிட்டு மறுபடி தொட்டது நான்கு தடவை. இப்போது ஒரு மறுவாழ்வு மையத்தில் ஆலோசகர்களுக்கு ஒத்தாசையாக இருக்கிறேன். டாக்டர் கிடையாது, அதனால் மாத்திரை சமாச்சாரத்தை உங்கள் மனநல மருத்துவரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். மற்றதைக் கேளுங்கள்.

கேள்வி: அண்ணா, கோவையில் லேத் பட்டறை வேலை. நிறுத்தி 47 நாள். பகலில் ஒன்றும் தெரியவில்லை, சனிக்கிழமை கூலி வாங்கிக்கொண்டு கிளம்பினால் வண்டி தானாக டாஸ்மாக் பக்கம் திரும்புகிறது.

பதில்: வண்டியைத் திருப்புவது வயிறு, தம்பி. மதியம் 1 மணிக்குச் சாப்பிட்டது 7 மணிக்குக் காலி, உடம்பு அசதி, கையில் வாரக் கூலி. இந்த மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால் 4 வருடம் விட்டவனுக்கே ஆட்டம் காணும். பட்டறையை விட்டு இறங்கும் முன் டீ, பன், வாழைப்பழம் என்று எதையாவது உள்ளே தள்ளுங்கள், வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாகச் சோறு. வயிறு நிறையச் சோறு போனால் சரக்கு இறங்காது என்பது குடித்த எல்லாருக்கும் தெரியும், அதனால்தானே சாப்பாட்டைத் தள்ளிப்போட்டுவிட்டுக் குடித்தோம்! கூலியை வீட்டம்மா கணக்கில் போடச் சொல்லுங்கள், போனில் இருக்கும் ஜிபேயைக் கொஞ்ச நாளைக்கு எடுத்துவிடுங்கள். 3 கிலோமீட்டர் சுற்றானாலும் வேறு வழியில் போங்கள். அந்த ஆசை பெரும்பாலும் 20, 30 நிமிடத்தில் ஏறி இறங்கிவிடும். வாழ்நாள் முழுக்க எப்படி இருப்பேன் என்று அப்போது யோசிக்காதீர்கள், கடை 10 மணிக்கு மூடிவிடும், அது வரைக்கும் தாக்குப்பிடித்தால் போதும்.

கேள்வி: என் வீட்டுக்காரர் குடியை விட்டு இப்போது திரும்ப ஆரம்பித்திருக்கிறார். அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்க மாத்திரை இருக்கிறதாமே?

பதில்: கலக்கவே கலக்காதீர்கள், அக்கா. டைசல்ஃபிரம் என்று ஒரு மாத்திரை உண்டு. குடித்த சரக்கு உடம்பில் உடையும்போது நடுவில் அசிட்டால்டிஹைடு என்ற நஞ்சு உண்டாகும், அது மேற்கொண்டு கரைய விடாமல் இந்த மாத்திரை தடுத்துவிடும். முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். கடைசி மாத்திரை போட்டு 2 வாரம் வரை இந்த ஆபத்து இருக்கிறது, சில இருமல் டானிக்கில் உள்ள ஆல்கஹால்கூடப் போதும். தெரிந்து போடுகிறவர் பயந்தாவது குடிக்காமல் இருப்பார், தெரியாதவர் வழக்கம் போலக் குடித்துவிட்டு விழுவார். அவரே ஒப்புக்கொண்டு, டாக்டர் ஈரலையும் இதயத்தையும் பார்த்து எழுதிக் கொடுத்தால், தினமும் காலை காபியோடு உங்கள் கண்முன் போடட்டும். ஆசையைக் குறைக்க நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் என்று வேறு வகைகளும் இருக்கின்றன. பொடி, லேகியம் என்று வரும் விளம்பரங்களுக்குக் காசைக் கொட்ட வேண்டாம்.

கேள்வி: 14 மாதம் சுத்தமாக இருந்தேன் சார். நண்பன் கல்யாணத்தில் ஒரு பீர். எல்லாம் போச்சு என்று அடுத்த 4 நாளும் குடித்தேன். மறுபடி பூஜ்ஜியமா?

பதில்: அந்த ஒரு பீரைவிட "எல்லாம் போச்சு" என்ற நினைப்புதான் உங்களை அதிகம் குடிக்க வைத்தது. ஆலன் மார்லட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1980களிலேயே இதைப் பிரித்துச் சொன்னார், சறுக்குவது வேறு, பழைய குடிக்கே திரும்பிப்போவது வேறு, நடுவில் இருப்பது குற்ற உணர்ச்சி. 14 மாதத்தில் கற்றது எங்கேயும் போகவில்லை. இன்னொன்று, இப்போது கை நடுங்கினாலோ, வியர்த்துக் கொட்டினாலோ வீட்டிலேயே சட்டென்று நிறுத்தாதீர்கள், வலிப்பு வரலாம், அரசு மருத்துவமனைக்கே போய்விடுங்கள்.

அப்புறம், அது கல்யாணத்தில்தான் ஆரம்பித்ததா என்று யோசியுங்கள். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். மூன்றாவது தடவை விட்டிருந்தபோது ஓர் அக்டோபர் 1 சாயங்காலம், மறுநாள் காந்தி ஜெயந்தி, கடை கிடையாது. கடை வாசலில் ஜே ஜே என்று கூட்டம். "நாளைக்குக் கிடைக்காதே" என்று ஒரு நினைப்பு, குடிக்காத எனக்கு நாளைக்குக் கிடைத்தால் என்ன, கிடைக்காவிட்டால் என்ன? ஆனாலும் ஒரு குவார்ட்டர் வாங்கி, சித்தப்பாவுக்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் மழைக்கோட்டில் சுற்றி வைத்தேன். ராத்திரி 11 மணிக்கு வண்டியைத் துடைக்கப் போனேன். 11 மணிக்கு யார் வண்டி துடைப்பார்கள்? பின்னால் ஆலோசகரோடு உட்கார்ந்து நாள் நாளாக எழுதிப் பார்த்தால், அதற்கு 10 நாள் முன்பே நிலத் தகராறில் அண்ணனோடு பேச்சு நின்றிருந்தது, குடியை விட்டவர்கள் கூடிப் பேசும் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டத்துக்குப் போவதை விட்டிருந்தேன், தூக்கம் இல்லை. நீங்களும் அப்படி 2 வாரத்தைப் பின்னால் போய் எழுதுங்கள்.

கேள்வி: சரக்குக்குப் பதில் ஆல்கஹால் இல்லாத பீர், இல்லை கஞ்சா?

பதில்: இரண்டும் வேண்டாம். முதலாவது வாசனையிலேயே இழுத்துவிடும். இரண்டாவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டுமா?

கேள்வி: மகன் வலி மாத்திரையைக் கரைத்து ஊசி போட்டுக்கொண்டிருந்தான். மையத்தில் 3 மாதம் இருந்துவிட்டு வருகிறான். எதில் கவனமாக இருக்க வேண்டும்?

பதில்: அம்மா, முதல் சில வாரங்கள்தான் ரொம்ப ஆபத்து. உடம்பு பழைய அளவை மறந்திருக்கும், அவன் மனசு மறந்திருக்காது. முன்பு தாங்கிய அதே அளவைப் போட்டால் மூச்சு நின்றுவிடலாம். இதைத் திட்டாமல் அவனிடமே சொல்லுங்கள். உதடு நீலமாகி எழுப்பியும் எழவில்லை என்றால், போலீஸுக்குப் பயந்து தயங்காமல் உடனே 108. அந்த ஏக்கத்தை அடக்க டாக்டர் கொடுக்கும் ப்யூப்ரினார்ஃபின் என்ற மருந்து பற்றியும் கேளுங்கள். ராத்திரியில் மனசு தாங்காவிட்டால் மனநல உதவிக்கு 14416 டெலி மானஸ், போதைக்கென்றே 14446, இரண்டு போன் எண்ணும் இலவசம்.

கேள்வி: தோழர், ஏ.ஏ. கூட்டத்தில் கடவுள், கடவுள் என்கிறார்கள். நான் பெரியார் கட்சி.

பதில்: 1935ல் அமெரிக்காவின் ஆக்ரன் ஊரில் ஒரு பங்குத் தரகரும் ஓர் அறுவை மருத்துவரும் உட்கார்ந்து பேசியதில் ஆரம்பித்தது அது. அவர்கள் காலத்துப் பேச்சு அப்படி. ஏ.ஏ.வில் பின்பற்றச் சொல்லும் 12 படிகளிலேயே "நாம் புரிந்துகொண்டபடியான" கடவுள் என்றுதான் இருக்கிறது. எங்கள் கூட்டத்தில் கறுப்புச் சட்டைக்காரர் ஒருவர் பிரார்த்தனை நேரத்தில் போய் எல்லாருக்கும் டீ ஊற்றுவார், 9 வருடமாகக் குடிக்கவில்லை. ராத்திரி 9 மணிக்குக் கூப்பிட 4 போன் நம்பர் கிடைக்கும், அதற்காகவாவது போங்கள்.

கேள்வி: பொங்கலுக்கு மாமனார் வீடு. மச்சான்கள் "ஒரே ஒரு ரவுண்டு மாப்ளே" என்பார்கள். என்ன சொல்லித் தப்பிப்பது?

பதில்: "டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கார், குடிச்சா ஐசியூ, பில் உங்க தலையில" என்று சொல்லுங்கள், பில் என்றதும் பாதிப் பேர் விட்டுவிடுவார்கள். விளக்கம் கொடுக்க ஆரம்பித்தால் தோற்றீர்கள். கையில் எப்போதும் ஒரு டம்ளர் மோரோ கோலி சோடாவோ இருக்கட்டும், வெறும் கையைப் பார்த்தால்தான் ஊற்ற வருவார்கள். வீட்டம்மாவிடம் முன்பே பேசிவைத்து, பாட்டில் வெளியே வந்ததும் "குழந்தைக்குத் தூக்கம் வருது" என்று அவர் கூப்பிட, நீங்கள் எழுந்துவிட வேண்டும். வண்டிச் சாவி உங்களிடமே இருக்கட்டும், மச்சானிடம் கொடுத்துவிடாதீர்கள்.