பெர்ரியை விடுங்கள், தேன் யார் நாக்கில் பட்டது?

அம்மா, உங்கள் கடிதத்தில் பதினோரு கேள்விகள். பத்தாவதைப் படித்ததும் நீங்கள் எழுதியிருந்த எண்ணுக்கு அன்று இரவே போன் போட்டேன். மற்றவை இந்தப் பக்கம் அச்சாகிற வரை காத்திருக்கலாம். அது காத்திருக்காது.

மற்ற வாசகர்களுக்காகக் கதைச் சுருக்கம். திருமங்கலத்தில் இருக்கும் இந்த அம்மாவுக்கு, அமெரிக்காவிலிருந்து வந்த அக்கா ஒரு பை காய்ந்த எல்டர்பெர்ரியும் சிரப் செய்முறையும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். (மாமியார் அதை மணத்தக்காளி வற்றல் என்று நினைத்து வத்தக்குழம்புக்கு எடுத்து வைத்தாராம். பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.) பட்டை, கிராம்பு, சுக்கு போட்டு முக்கால் மணி நேரம் கொதிக்கவைத்து, வடிகட்டி, ஆறியதும் அரை லிட்டர் சாறுக்குக் கால் லிட்டர் மலைத்தேன். எதிர்ப்புச் சக்திக்கு என்று வீடு முழுக்க தினம் ஒரு கரண்டி. இரண்டு வாரம் கழித்து, எல்டர்பெர்ரியில் சயனைடு இருக்கிறது என்று செல்போனில் ஒரு வீடியோ வந்திருக்கிறது. அதோடு தூக்கம் போய்விட்டது.

சயனைடை முதலில் முடித்துவிடுவோம். வீடியோவில் சொன்னது முழுப் பொய் இல்லை, பாதி உண்மை. அந்தச் செடியின் இலை, தண்டு, விதை, பழுக்காத காய் இவற்றில் சயனைடை வெளிவிடும் பொருள் இருக்கிறது. நம் மரவள்ளிக் கிழங்கில் இருப்பதும் இதே ரகம்தான். அதனால்தான் மரவள்ளியை யாரும் பச்சையாகத் தின்பதில்லை. 1983இல் கலிபோர்னியாவில் ஒரு கூட்டம் எல்டர்பெர்ரியை இலை, கிளையோடு சேர்த்துப் பச்சையாகப் பிழிந்து குடித்தது. 11 பேருக்கு வாந்தி, வயிற்றுப் பிடிப்பு, தலைசுற்றல். 8 பேரை ஹெலிகாப்டரில் தூக்கிக்கொண்டு போனார்கள். எல்லாரும் பிழைத்தார்கள். நீங்கள் போட்டது காய்ந்த பழம், முக்கால் மணி நேரம் கொதித்தது, விதையை வடிகட்டிவிட்டீர்கள். தவிர, சயனைடு விஷம் நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ தெரிந்துவிடும், இரண்டு வாரம் ஒளிந்திருக்காது. நீங்கள் யாருக்கும் விஷம் வைக்கவில்லை. அந்த வீடியோவை அழித்துவிட்டுத் தூங்குங்கள்.

இப்போது பத்தாவது கேள்வி. “பாப்பாவுக்கு 8 மாதம். அவளுக்குக் கரண்டியில் கொடுக்கவில்லை, விரலால் தொட்டு நாக்கில்தான் வைத்தேன். நாலு நாளாக வெளியே போகவில்லை, விளக்கெண்ணெய் ஊற்றலாமா?”

சயனைடுக்கு ஒரு பக்கம் எழுதிய நீங்கள் இதற்கு மூன்று வரிதான் கொடுத்திருக்கிறீர்கள்.

ஒரு வயது முடியாத குழந்தைக்குத் தேன் கூடாது. சொட்டும் கூடாது, விரலில் தொட்டும் கூடாது. மலைத்தேன், கொம்புத்தேன், கடையில் முத்திரை போட்டு விற்கும் தேன் எல்லாம் ஒன்றுதான். தேனில் சில சமயம் ஒரு பாக்டீரியாவின் வித்துகள் இருக்கும். கொதிக்கும் தண்ணீரின் 100 டிகிரியில்கூட அவை சாகாது. உங்கள் வயிற்றிலும் என் வயிற்றிலும் அவை முளைக்க இடம் கிடையாது, ஏற்கெனவே குடலில் குடியிருக்கும் நல்ல கிருமிகள் விடாது. கைக்குழந்தையின் குடலில் அந்தக் காவல் இன்னும் அமையவில்லை. அங்கே வித்து முளைத்து ஒரு நஞ்சைச் சுரக்கும். நரம்பு தசைக்குச் சொல்லி அனுப்புகிற சேதியை அந்த நஞ்சு வழியிலேயே மறித்துவிடும். பொட்டுலிசம் என்று பெயர். குழந்தைகளுக்கு இப்படி வரும் என்பதே 1976இல்தான் தெரியவந்தது.

முதலில் தளர்வது பெரும்பாலும் குடல். அதனால்தான் மலச்சிக்கல் என்ற வார்த்தையைப் பார்த்ததும் போனை எடுத்தேன்.

போனில் நான் கேட்டவற்றை எல்லாருக்குமாகச் சொல்கிறேன். பால் குடிக்கும்போது உறிஞ்சும் வலு குறைந்திருக்கிறதா? அழுகை பூனைக்குட்டி முனகுவது போல் மெலிந்திருக்கிறதா? இமை பாதி மூடினாற்போல் தொங்குகிறதா? நேற்று வரை நின்ற தலை இன்று துவள்கிறதா? முகத்தில் சிரிப்பு, சிணுங்கல் எதுவும் இல்லாமல் பொம்மை மாதிரி இருக்கிறதா? தளர்ச்சி தலையிலிருந்து கீழே இறங்கும், கடைசியில் மூச்சுத் தசைக்கு வரும். காய்ச்சல் பெரும்பாலும் இருக்காது, அதனால் வீட்டில் யாரும் பயப்படமாட்டார்கள். மலச்சிக்கலோடு இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் விடியட்டும் என்று உட்காராதீர்கள். இரவு இரண்டு மணியானாலும் பெரியாஸ்பத்திரிக்கு வண்டியை விடுங்கள்.

உள்ளே போனதும் முதல் வாக்கியமாக “தேன் கொடுத்தோம்” என்று சொல்லுங்கள். மாமியார் பக்கத்தில் நிற்கிறார், திட்டு விழும் என்று இதைத்தான் மறைப்பார்கள். துவண்டு கிடக்கும் குழந்தையைப் பார்த்தால் எந்த மருத்துவருக்கும் முதலில் ரத்தத்தில் கிருமி கலந்திருக்கிறது என்றுதான் தோன்றும், ஜென்டாமைசின் என்ற கிருமிக்கொல்லி ஊசி போடத் தோன்றும். பொட்டுலிசத்தில் அந்த ரக மருந்து தசையை மேலும் தளர்த்திவிடும். தேன் என்ற ஒரு வார்த்தை எங்கள் கையைத் தடுக்கும். நேரத்தோடு வந்த குழந்தையை மூச்சுக் கருவியில் வைத்துப் பார்த்துக்கொண்டால் வாரக் கணக்கில் ஆனாலும் தேறி எழுந்துவிடும்.

நான் இதைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே உங்கள் பையன் பாப்பாவின் கிலுகிலுப்பையைப் பிடுங்கியிருக்கிறான். அவள் போட்ட சத்தத்தில் நான் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தேன். பாதி பதில் அதிலேயே கிடைத்துவிட்டது. மீதியை மறுநாள் காலை குழந்தை மருத்துவர் பார்த்துச் சொல்லிவிட்டார்: கை கால் வலு, இமை, உறிஞ்சல் எல்லாம் சரி. ராகிக் கூழைக் களி மாதிரி காய்ச்சி, தண்ணீரே கொடுக்காமல் இருந்ததுதான் காரணம். சரி. ஆனாலும் தேன் பட்ட கடைசி நாளிலிருந்து ஒரு மாதம் வரை மேலே சொன்னவற்றில் ஒரு கண் இருக்கட்டும்.

விளக்கெண்ணெயா? வேண்டவே வேண்டாம். திமிறும் குழந்தையின் வாயில் பாலாடையால் எண்ணெய் ஊற்றினால் அதில் கொஞ்சம் மூச்சுக்குழலுக்குள் போகும். நுரையீரலில் இறங்கிய எண்ணெய் கரையாது, இருமலிலும் வராது. அப்படி வந்த நிமோனியாவோடு நான் பார்த்த குழந்தைகளுக்கெல்லாம் ஊற்றியது பாசமுள்ள கைதான்.

“நாங்கள் எல்லாரும் சேனை தொட்டு வளர்ந்தவர்கள்தானே” என்று மாமியார் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். கேட்கட்டும், அவர் சொல்வது நிஜம். இந்த நோய் அரிது, தேன் நக்கிய பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆனால் எந்தக் குழந்தைக்கு ஆகும் என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. கொடுப்பதால் குழந்தைக்குக் கிடைப்பதும் எதுவும் இல்லை. சேனை வைத்தே ஆகவேண்டும் என்றால் பெரியவர் நெற்றியில் திருநீறு பூசி ஆசீர்வதிக்கட்டும்.

மாமியாரைப் பற்றியே ஒன்று. சிரப் குடிப்பதால் சர்க்கரை மாத்திரையைப் பாதியாக்கிக்கொண்டார் என்பதைப் போகிற போக்கில் சொல்கிறீர்கள்! உங்கள் கணக்குப்படி ஒரு பெரிய கரண்டிச் சிரப்பில் ஒரு தேக்கரண்டித் தேன் இருக்கும், கிட்டத்தட்ட ஆறு கிராம் சர்க்கரை. மலையில் எடுத்தாலும் அது சர்க்கரைதான். இன்றிலிருந்து மாத்திரை பழைய அளவுக்கு வரவேண்டும், சிரப் நிற்கவேண்டும், இந்த வாரமே வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்கவேண்டும்.

பையனின் நாக்கு ஊதா, மலம் கருநீலம்: பழத்தின் சாயம். நாவல் பழம் தின்றவன் நாக்கைப் பார்த்ததில்லையா? நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் போகும். அதற்குப் பிறகும் தார் மாதிரி கறுப்பாக, பிசுபிசுப்பாகப் போனால் மட்டும் காட்டுங்கள். கணவருக்கு வந்த ஏப்பத்துக்கு நான் பதில் எழுதப்போவதில்லை.

இதைக் குடித்தால் ஃப்ளூ வராதா என்றால், சின்னச் சின்ன ஆய்வுகள் இருக்கின்றன. சிலவற்றில் ஜலதோஷம் கொஞ்சம் சீக்கிரம் விட்டது, சிலவற்றில் ஒரு வித்தியாசமும் இல்லை. அதை நம்பி வீட்டைக் காப்பாற்ற முடியாது. ஆறு மாதம் முடிந்த பாப்பாவுக்கு ஃப்ளூ தடுப்பூசி இருக்கிறது, போட்டாயிற்றா என்று உங்கள் குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள். ஏழு வயதுப் பையனுக்கு ராத்திரி இருமினால் படுக்கும் முன் ஒரு தேக்கரண்டி வெறும் தேன் போதும், அது உண்மையிலேயே இருமலைத் தணிக்கும். அதற்குக் கடல் தாண்டிப் பழம் வரவேண்டியதில்லை.

கடைசிக் கேள்வி, பாட்டிலைத் திறந்தால் நுரை பொங்குகிறது, வீணாக்க மனமில்லை என்கிறீர்கள். தண்ணீர் கலந்த தேன், மதுரை வெயில், ஃபிரிட்ஜுக்கு வெளியே இரண்டு வாரம். புளித்துப்போய்விட்டது. கொட்டிவிடுங்கள். மீதிப் பெர்ரியை மணத்தக்காளி வற்றல் டப்பாவுக்குப் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள்.