கட்டியங்காரனிடம் ஏது பிரதி?

அன்புள்ள அண்ணா,

தர்மபுரியில் கலை, நாடகம், சினிமாவுக்கு இருந்த தணிக்கை பற்றி ஒரு கட்டுரை எழுதுகிறேன். இங்கே எவையெல்லாம் தடை செய்யப்பட்டன? பட்டியல் எங்கே கிடைக்கும்? இப்போது எதைச் சொன்னாலும் யாருக்காவது மனம் புண்படுகிறது. உங்கள் காலத்தில் சுதந்திரம் அதிகமாக இருந்ததா? ஓடிடிக்கும் தணிக்கை வேண்டுமா?

க., காரிமங்கலம்

அன்புள்ள தம்பி,

பட்டியலை முதலில் முடித்துவிடுகிறேன். 1965 அக்டோபர் வரை தர்மபுரி தனி மாவட்டம் இல்லை, சேலத்தோடு இருந்தது. அதற்கு முந்தைய காகிதங்களைச் சேலம் கலெக்டர் ஆபீஸ் பெயரில்தான் தேட வேண்டும். சினிமாவை வெட்டியதெல்லாம் வெளியூரில். நமக்கு வந்தது வெட்டி முடித்த பெட்டி. (காலைக் காட்சியில் தணிக்கைக்கே போகாத துண்டுகளையும் சேர்த்து ஒட்டி ஓட்டிய தியேட்டர்கள் உண்டு. அந்த வரலாற்றை ஆபரேட்டர்கள் வாய் திறந்தால்தான் எழுத முடியும்.) 'உங்கள் காலம்' என்கிறீர்கள். நான் இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன்.

எனக்குக் கோபம் வந்தது வேறு இடத்தில். கலை, நாடகம், சினிமா என்று வரிசையாக எழுதிய கைக்குக் கூத்து என்று எழுத வரவில்லை. அதுவும் காரிமங்கலத்தில் இருந்துகொண்டு! ஒரு கூத்தையாவது விடியும்வரை உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா?

சட்டங்களை நீங்களே எழுதிவிடுவீர்கள். நாடகத்தைத் தடுக்க வெள்ளைக்காரன் 1876இல் ஒன்று போட்டான். 1954இல் சென்னை மாநிலம் தனக்கென ஒன்று போட்டது, எம்.ஆர்.ராதாவின் ராமாயண நாடகத்தை அடக்கத்தான் என்று பேச்சு. எழுத்தாளர் ஞாநி வழக்குப் போட்டு, 2013இல் சென்னை உயர் நீதிமன்றம் அதன் முக்கியமான பிரிவுகளை ரத்து செய்தது. 1876 சட்டம் ஒழிய 2018 ஆயிற்று. சரி. நாடகம் என்றால் காகிதத்தில் இருக்கும், பிரதி கேட்டால் கொடுப்பார்கள் என்று நினைத்தவர்கள் எழுதிய சட்டம் இது. கூத்துக் குழுவை நடத்தும் வாத்தியாரிடம் பாட்டு நோட்டு இருக்கும். கோமாளியாக வந்து நினைத்ததைப் பேசும் கட்டியங்காரனின் பேச்சு எந்த நோட்டில் இருக்கிறது?

பாலக்கோடு பக்கம் ஓர் ஊரில் திரௌபதி அம்மன் திருவிழா. சின்னப் பையனாகப் பாயில் படுத்தபடி பார்த்தேன். துரியோதனன் திரையை விட்டு வெளியே வந்து ஆடி முடித்து மூச்சு வாங்குகிறான். கட்டியங்காரன் கிட்டே போய் வாயை உற்றுப் பார்த்துவிட்டு, "ராஜா, அஸ்தினாபுரத்துலயும் நம்ம ஊரு போர் தண்ணிதானா? பல்லெல்லாம் மஞ்சளா இருக்கே" என்றான். ஆழ்துளைக் கிணற்றின் புளோரைடு தண்ணீர் குடித்துப் பல் கறைபட்ட ஊர். சனம் உருண்டு சிரித்தது. அவன் அதோடு விட்டிருக்கலாம். "போர் போட்ட மகராசன் முன்வரிசையிலதான் இருக்காரு, கேட்டுச் சொல்றேன்" என்றான்.

அந்த மகராசன்தான் கொட்டகைக்குப் பணம் கொடுத்தவர். மறு வருஷம் வெற்றிலை பாக்கு மாற்றும்போதே வாத்தியாரிடம் சொல்லிவிட்டார்கள்: "கதையை மட்டும் ஆடுங்க, ஊர் விஷயம் வேண்டாம்." கட்டியங்காரன் அந்த வருஷம் மாமியார் மருமகள் ஜோக் சொன்னான். உங்கள் பட்டியலில் இது எந்த வரிசை எண்ணில் வரும், தம்பி?

இப்போது அந்த மகராசனும் தேவையில்லை. 2000இல் வந்த ஒலி மாசு விதிகளின்படி, திறந்தவெளியில் இரவு 10 மணிக்கு மேல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. மாநில அரசு மனம் வைத்தால் திருவிழாவுக்கு 12 வரை விடலாம், அதுவும் ஆண்டில் 15 நாள்தான். காது கிழிய டிஜே வைக்கிறவனுக்கு இந்த விதி வேண்டும்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் கூத்து களை கட்டுவதே பத்து மணிக்கு மேல். துகிலுரிதலுக்கு நடுச்சாமம் தாண்டிவிடும். 12 மணிக்கு மைக்கை அணைத்தால் பாஞ்சாலி சபைக்கு வராமலே அஸ்தினாபுரத்தில் எல்லோரும் தூங்கப் போக வேண்டியதுதான். ஒரு வரியும் படிக்காமல், யார் மனமும் புண்படாமல், பாதிக் கதை போய்விடும். அந்தக் காலத்தில் மைக் இல்லாமலா ஆடவில்லை என்பீர்கள். ஆடினார்கள். அப்போது பக்கத்தில் ஜெனரேட்டர் ஓடவில்லை, ரோட்டில் லாரி ஓடவில்லை.

பெரும்பாலான ஊர்களில் அதிகாரிகள் கண்டுகொள்ளாமல் விடுகிறார்கள் என்பது உண்மை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. கண்டுகொள்ளாமல் இருப்பவரை வைத்துக்கொண்டு எந்தக் கட்டியங்காரன் போலீஸ் ஸ்டேஷனைப் பற்றி வாய் திறப்பான்?

ஓடிடி பற்றிச் சென்னையில் நிறையப் பேர் எழுதுகிறார்கள், விடுங்கள். நீங்கள் திருவிழா தொடங்குமுன் உங்கள் பக்கத்து வாத்தியார்களைப் போய்ப் பாருங்கள். எதை ஆடினார்கள் என்று கேட்காதீர்கள், எதை விட்டார்கள், யார் சொல்லி விட்டார்கள் என்று கேளுங்கள். போனை நீட்டிப் பதிவு செய்ய வேண்டாம், பேச மாட்டார்கள். எழுதிக்கொண்டு வாருங்கள். ஊர்ப் பெயரை எடுத்துவிட்டு இங்கேயே போடுகிறேன்.